ஆடாமலே ஃபைனலுக்கு வந்தவர்கள்

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதையும் பிடிக்காமல் எழுந்திருக்க முடிகிறவர்கள் நம் வயதில் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். நான் தூக்க மாட்டேன். இதே முழங்கால்களை வைத்துக்கொண்டு ஒரு காலத்தில் இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்குமாகப் பாய்ந்து பந்து பிடித்திருக்கிறேன் என்று சொன்னால் வீட்டில் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்கிற தைரியத்தில் சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. ஆந்திரம் தனி மாநிலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எந்த ஊர் மதராஸுக்கு, எந்த ஊர் ஆந்திரத்துக்கு என்று பெரியவர்கள் டீக்கடையிலும் கோர்ட்டு வாசலிலும் ஓயாமல் வாதாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் பிச்சாட்டூர்ப் பக்கம். நைனா வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்தார். நான் சித்தூரில் ஒரு ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். வீட்டில் தமிழ், வகுப்பில் தெலுங்கு, ஹாஸ்டலில் இரண்டும். ஃபுட்பால் ஆடும்போது மட்டும் மூன்றாவதாக ஒரு பாஷை: "பாஸ்", "பேக்", "கார்னர்".

அந்த வருஷம் முழுப் பரீட்சை முடிகிற சமயத்தில் ஹாஸ்டலுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. ரோஜா நிறத்தில் மெல்லிய தாள். ஒரு பக்கம் தெலுங்கு, மறு பக்கம் தமிழ். திருப்பதியில் ரயில்வே லைனை ஒட்டிய மைதானத்தில் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் பந்தயம். கட்டணம் கிடையாது. ஷூ தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் இல்லை. எந்தப் பிள்ளையும் வரலாம். மூன்று வேளையும் சாப்பாடு உண்டு. எங்களைக் கிளப்பியது அந்தக் கடைசி வரிதான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் கேப்டன் நகரிப் பக்கத்து நெசவுக்காரர் மகன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். எதற்கும் அதிகம் பேசமாட்டான், பந்தைக் கண்டால் மட்டும் கண் இரண்டும் பெரிதாகும். பதினோரு பனியன்களை மூட்டை கட்டி ஊருக்கு எடுத்துப் போய், அவன் அப்பாவின் சாயப் பானையில் முக்கிச் செக்கச்செவேல் என்று கொண்டுவந்தான். சாயம் சரியாகப் பிடிக்கவில்லை. போட்டுக்கொண்டு வியர்த்தால் போதும், மார்பு, கக்கம், கை எல்லாம் சிவந்துவிடும். முதல் நாள் குளித்தபோது ஹாஸ்டல் சாக்கடையில் சிவப்பாகத் தண்ணீர் ஓடியதைப் பார்த்துச் சமையல்காரர் பதறிப் போய்விட்டார்.

வார்டன் எங்களை ரயிலில் அழைத்துப் போனார். அந்தச் சின்ன லைன் வண்டி பாகாலா தாண்டி வளைந்து வளைந்து போனது. திடீரென்று ஜன்னல் நிறைய மலை. அதன் உச்சி விளிம்பு முழுக்கச் சிவந்த பாறைச் சுவர், சாயங்கால வெயிலில் உள்ளிருந்து யாரோ விளக்கேற்றியது மாதிரி இருந்தது. திருப்பதிக்கு நான் அதற்கு முன் இரண்டு தடவை வந்திருக்கிறேன், மொட்டை அடித்துக்கொள்ள. அப்போதெல்லாம் இந்தப் பாறை கண்ணில் பட்டதில்லை. நாங்கள் பத்துப் பேரும் ஒரே பக்கத்து ஜன்னல்களில் குவிந்துவிட்டோம். கேப்டன் மட்டும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, லைனை ஒட்டித் தெரிந்த மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூங்கில் கம்பங்கள் நட்டு, மேலே குறுக்குச் சட்டத்துக்குப் பதிலாகத் தேங்காய் நார்க் கயிறு கட்டியிருந்தார்கள்.

பந்தயம் நடத்தியவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கார்டு ஐயா என்று கூப்பிட்டோம். ரெஃப்ரீயும் அவரேதான். ரயிலைக் கிளப்பின அதே விசிலால் ஆட்டத்தைக் கிளப்பினார். கையில் ஒரு பச்சைக் கொடி, ஒரு சிவப்புக் கொடி. ஃபவுல் என்றால் சிவப்பு. ஆட்டம் தொடரலாம் என்றால் பச்சை. எங்களிடம் புதுப் பந்தைக் காட்டினார். அந்தத் தோல் வாசனை இப்போதும் எனக்கு மூக்கில் இருக்கிறது. வாயைக் கயிறு போட்டு ஷூவைப்போல் இறுக்கிக் கட்டிய பந்து. எங்கள் ஹாஸ்டல் பந்தில் தோலைவிடத் தையல்தான் அதிகம். நான் இதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு கைக்குழந்தையின் கனம் இருந்தது.

எட்டு அணிகள் வந்திருந்தன. கல் உடைக்கிறவர்களின் பிள்ளைகள் ஒரு அணி, உள்ளங்கால் கருங்கல்லாக இருக்கும். ரயில்வே காலனிப் பையன்கள், மிஷன் பள்ளிக்கூடத்துப் பையன்கள், மலையடிவாரத்தில் பூ விற்கிறவர்களின் பிள்ளைகள் என்று ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு தினுசு.

எட்டாவது அணி மைதானத்தின் கடைசியில் ஒரு புங்க மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தது. வெளுத்த வெள்ளைப் பனியன், காக்கி நிக்கர், ஒட்ட வெட்டிய முடி. கூட ஒரு நர்ஸம்மா. யாரும் அவர்கள் பக்கம் போகவில்லை. எங்கள் வார்டன் தன் மேல்துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அது குஷ்டரோக ஆஸ்பத்திரிப் பசங்க. அந்தப் பக்கம் ஒருத்தனும் போவக் கூடாது. தண்ணி வாங்கிக் குடிக்கக் கூடாது. தெரிஞ்சுதா?"

இப்போது தொழுநோய் என்கிறோம். மாத்திரை இருக்கிறது, குணமாகிறது, யாரும் ஊரை விட்டு ஓட வேண்டியதில்லை. அப்போது அந்தப் பெயரைச் சொல்லவே பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். அந்தப் பிள்ளைகளின் அப்பாவோ அம்மாவோ ஆஸ்பத்திரியில் நோயாளிகள். பிள்ளைகளைப் பிரித்துப் பக்கத்திலேயே ஒரு விடுதியில் வளர்த்தார்கள். அவர்களுக்கு நோய் இல்லை என்று கார்டு ஐயா எல்லாரிடமும் டாக்டரின் காகிதத்தைக் காட்டிப் பார்த்தார். யாரும் அதைக் கையில் வாங்கிப் படிக்கக்கூட இல்லை.

முதல் நாள் அவர்களுக்கு ஆட்டம். நேரத்துக்கு இறங்கி அவரவர் இடத்தில் நின்றார்கள். எதிர் அணி வரவில்லை. கார்டு ஐயா விசில் அடித்தார், சட்டைப்பையிலிருந்து ரயில்வே கடிகாரத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினைந்து நிமிஷம். அந்தப் பதினைந்து நிமிஷமும் பதினோரு பேரும் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. நடுவில் பந்து இருந்தது. அதற்கு எதிரே அவர்களில் உயரமான பையன் ஒருவன், நெட்டையன் என்று நாங்கள் பெயர் வைத்தவன், ஆட்டம் இதோ தொடங்கப்போகிறது என்பது மாதிரி ஒரு காலை முன்னால் வைத்து நின்றான். நேரம் முடிந்தது. கார்டு ஐயா அவர்கள் ஜெயித்ததாக அறிவித்தார். நெட்டையன் குனிந்து பந்தை ஒரு தரம் பார்த்தான். தொடவில்லை. எல்லாரும் வரிசையாக மரத்தடிக்குத் திரும்பிப் போனார்கள்.

இரண்டாவது ஆட்டமும் அப்படியே முடிந்தது. அதே பதினைந்து நிமிஷம். அதே வெள்ளைப் பனியன், துவைத்து மடித்த கோடு கலையாமல்.

எங்கள் கேப்டன் கார்டு ஐயாவிடம் போய்க் கேட்டான். "ஐயா, யாரும் ஆட வரமாட்டாங்கன்னு தெரிஞ்சும் அவங்களை எதுக்குக் கூப்ட்டீங்க?"

"நோட்டீஸ் அடிக்கறப்போ அச்சாபீஸ்காரனும் இதான் கேட்டான்," என்றார் கார்டு ஐயா. "எந்தப் பிள்ளையும்னு போட்டிருக்கீங்களே, எதுவரைக்கும்னு. எதுவரைக்கும்னு ஒண்ணும் இல்லப்பான்னு சொன்னேன். அச்சடிச்சுட்டு அப்புறம் நான் மாத்த முடியுமா?"

இதற்குள் நாங்கள் இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டோம். கல் உடைக்கிற பிள்ளைகளை ஜெயித்தது பெரும்பாடு. என் இடது தோள் ஒரு வாரம் வீங்கியிருந்தது. ஜெயித்த சந்தோஷத்தில் கத்திக்கொண்டு, நாங்கள் தங்கியிருந்த சத்திரத்துக்கு வந்தபோதுதான், ஃபைனலில் எதிரே யார் என்பது எங்களுக்கு உறைத்தது. ஒரு ஆட்டமும் ஆடாமல் அவர்கள் அங்கே வந்து சேர்ந்திருந்தார்கள்.

சத்திரத்துக் கூடத்தில் அன்று பெரியவர்கள் கூடினார்கள். எல்லைத் தகராறில் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள். காலையில்தான் இரண்டு பேர் தமிழா தெலுங்கா என்று கை நீட்டிச் சண்டை போட்டிருந்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் எல்லாரும் ஒரே குரலில் பேசினார்கள். ஃபைனலை நடத்தக் கூடாது. நடத்தினால் எங்கள் பையன்கள் ஆடக் கூடாது. கார்டு ஐயா சொன்னது இவ்வளவுதான்: "நாளைக்குச் சாயங்காலம் விசில் அடிப்பேன். கால் மணி நேரம் காத்துக்கினு இருப்பேன்."

வார்டன் எங்களை வரிசையாக நிறுத்தினார். "எவன் கிரவுண்ட்ல கால் வெக்கறானோ அவனுக்கு ஹாஸ்டல்ல எடம் கெடையாது. சொல்லிட்டேன்." அவர் கெட்ட மனிதர் அல்ல. எனக்கு டைஃபாய்டு வந்தபோது ராத்திரி பகலாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். எங்கள் பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது என்கிற பயம் அவருக்கு. எனக்கும் பயம்தான். என் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மற்றவர்கள் காலால் ஆடுகிறவர்கள். நான் கோல்கீப்பர். அவர்கள் உதைத்த பந்தை நான்தான் கையால் பிடித்து மார்போடு அணைக்க வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் கேப்டன் என்னை எழுப்பினான். "ரா, குளிச்சிட்டு வரலாம்." ஆற்றுப் பக்கம் நடந்தோம். கோடையில் ஸ்வர்ணமுகியில் தண்ணீர் ஒரு ஓரமாக மட்டும் ஓடும், மற்றதெல்லாம் மணல். கரை மேல் ஏறினதும் இரண்டு பேரும் நின்றுவிட்டோம்.

மணலில் அவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். எந்தச் சத்திரமும் இடம் தராததால் கரையோரத்து மாந்தோப்பில் தங்கியிருந்தார்களாம். தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடினார்கள். பழைய பந்து, எங்கள் ஹாஸ்டல் பந்தைவிட மோசம். ஆனால் அப்படி ஓர் ஆட்டத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் ஆட்டத்தில் பந்து கிடைத்தவன் அதைத் தன் சொத்துமாதிரி ஓட்டிக்கொண்டு போவான். இங்கே பந்து யாரிடமும் தங்கவில்லை. ஒருவன் கால் பட்டதும் அடுத்தவனிடம், அங்கிருந்து அடுத்தவனிடம். பந்து வருவதற்கு முன்பே அது போக வேண்டிய இடத்தில் ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான். யாரும் கத்தவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மணலில் கால்கள் புதைகிற சத்தமும் பந்தின் சத்தமும்தான். குளத்தில் மீன் கூட்டம் சட்டென்று ஒன்றாகத் திரும்புமே, அப்படித் திரும்பினார்கள்.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. என் வாய் திறந்திருந்தது. கேப்டன் மெதுவாக உட்கார்ந்துவிட்டான்.

நெட்டையன் எங்களைப் பார்த்துவிட்டு ஆட்டத்தை நிறுத்தினான். பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு, "குளிக்க வந்தீங்களா? நாங்க கீழ்ப்பக்கமாத்தான் குளிச்சோம். மேல தண்ணி சுத்தமா கீது, நீங்க குளிங்க," என்றான்.

கேப்டன் அதைக் காதில் வாங்கவில்லை. "இப்படி ஆட யாருடா கத்துக்குடுத்தது?" என்றான்.

"யாரும் இல்ல. எங்க விடுதில பந்து ஒண்ணு, பசங்க நாப்பது பேரு. ஒருத்தன் ரெண்டு தபா தொட்டுட்டான்னா வெளிய போயிடணும், வேற ஒருத்தன் வருவான். அதனால எவனும் ரெண்டாந்தபா தொடமாட்டான்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

திரும்பி வரும்போது கேப்டன் ஒரு கல்லைக் காலால் தட்டிக்கொண்டே வந்தான். சத்திரத்து வாசலில் நின்று சொன்னான்: "நான் ஆடப்போறேன். இவங்க கூட ஆடாம ஊருக்குப் போனா, சாகுற வரைக்கும் இதையே நெனச்சிக்கினு கெடப்பேன்."

அவனுடைய அந்தப் பேச்சை நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். பின்னாளில் இதைக் கேட்டவர்கள், சின்ன வயதிலேயே எவ்வளவு இரக்கம் என்று எங்களைப் பாராட்டினார்கள். அதில் இரக்கம் எதுவும் இல்லை. கேப்டனுக்கு ஆசை. அந்த ஆட்டத்துக்குள் தானும் இருக்க வேண்டும் என்ற ஆசை.

சாயங்காலம் மைதானத்தைச் சுற்றி ஊரே நின்றது. மலையிலிருந்து இறங்கி வந்த யாத்ரீகர்கள், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, பிரசாதப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என்ன கூட்டம் என்று பார்க்க வந்தார்கள். ஆனால் கோட்டிலிருந்து இருபது முப்பது அடி தள்ளியே எல்லாரும் நின்றார்கள். வெள்ளைப் பனியன்கள் இறங்கி நின்றன. விசில் ஊதியது. கார்டு ஐயா கடிகாரத்தை எடுத்தார்.

கேப்டன் வார்டனைத் தாண்டி உள்ளே போனான். அவன் பின்னால் ஒருவன். அப்புறம் இருவர். நான் கோட்டுக்கு வெளியிலேயே நின்றேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ஏழு பேர் உள்ளே நின்றார்கள், கோல் காலியாக இருந்தது. கேப்டன் என்னைக் கூப்பிடவில்லை. காலியான கோலை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான். நான் ஓடினேன். வார்டன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது.

மீதி மூன்று பேர் வரவில்லை. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நெட்டையன் எங்களை எண்ணினான். எட்டு. திரும்பித் தன் ஆட்களில் மூன்று பேரைப் பார்த்துத் தலையசைத்தான். அவர்கள் ஒன்றும் கேட்காமல் மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். வாழ்நாளில் முதல் ஆட்டம் ஆட வந்த பையன்கள். கார்டு ஐயா பச்சைக் கொடியைத் தூக்கினார்.

முதல் பாதி ஒரு கூத்தாக முடிந்தது. காலையில் ஆற்றில் பார்த்தவர்களா இவர்கள் என்று இருந்தது. எங்கள் ஆள் பக்கத்தில் வந்தால் போதும், பந்தை விட்டுவிட்டு விலகினார்கள். கேப்டன் நேராக ஓடினால் வழி விட்டார்கள். மூன்று கோல் போட்டோம். மூன்றாவது கோலுக்குக் கூட்டம் சிரித்தது. என் பக்கம் பந்து வரவே இல்லை. பாதி முடிந்து விசில் ஊதியபோது அவர்கள் பனியன்களைப் பார்த்தேன். எங்கள் எட்டுப் பேர் உடம்பிலும் சாயம் வழிந்துகொண்டிருந்தது. அவர்கள் மேல் ஒரு பொட்டுச் சிவப்புகூட இல்லை.

கேப்டன் மரத்தடிக்கு நடந்தான். நானும் பின்னால் போனேன். கேப்டனுக்கு இப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "எதுக்கு வழி வுடறீங்க? நாங்க பிச்சை கேட்டோமா?"

நெட்டையன் நர்ஸம்மாவைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "வெளிப்பசங்க மேல படக்கூடாதுன்னு சொல்லிகீறாங்க. எங்களுக்காக இல்ல. பட்டா, வூட்ல உங்களைத்தான் அடிப்பாங்க."

நர்ஸம்மா தலை குனிந்துகொண்டார். நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளைகளை யாரும் வைதுவிடக் கூடாதே என்று ஆயிரம் தடவை சொல்லி வளர்த்திருப்பார்.

கேப்டன் இரண்டு கையையும் நீட்டி நெட்டையனைத் தோளோடு இழுத்து அணைத்தான். விட்டபோது வெள்ளைப் பனியனின் மார்பில் அகலமாகச் சிவப்பு. "பட்டாச்சு," என்றான் கேப்டன். "அடி எப்படியும் உண்டு. இப்ப ஆடு."

நெட்டையன் தன் பனியனைக் குனிந்து பார்த்தான். நர்ஸம்மா அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாதபடி கையை அசைத்தார், போ என்று.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குத் திறமை போதாது. ஆறு கரை உடைத்து மைதானத்துக்குள் வந்ததுபோல் இருந்தது. முதல் பந்து என் நெஞ்சுக்கு நேராக வந்தது. ஒரு சின்னப் பிள்ளைகூடப் பிடித்துவிடும். என் கைகள் தாமாகப் பின்னால் போய்விட்டன. பந்து என் விலாவை உரசி உள்ளே போனது. யாருக்கும் தெரியவில்லை, தவறிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். நெட்டையனுக்கு மட்டும் தெரிந்தது. அவன் முகம் ஒரு கணம் சுருங்கியது. குதிக்கவில்லை, சந்தோஷப்படவில்லை. திரும்பி ஓடிவிட்டான். எழுபது வருஷம் ஆகப்போகிறது, அந்த முகம் எனக்கு மங்கவில்லை.

அடுத்த பந்தை அணைத்தேன். அதற்கடுத்ததையும். எச்சில், மண், வியர்வை எல்லாம் என் வாயில் போயின. எதையும் யோசிக்க நேரமில்லை. அவர்கள் இரண்டாவது போட்டார்கள், மூன்றாவது போட்டார்கள். எங்கள் ஆள்கள் அவர்களை இடித்தார்கள், அவர்கள் எங்களை இடித்தார்கள், இரண்டு பேரும் விழுந்து உருண்டார்கள். கல்லுடைக்கிற பிள்ளைகள் எங்களுக்கும் அவர்களுக்கும் சேர்த்துக் கத்தினார்கள். யாத்ரீகர் ஒருவர் கோட்டுக்குள்ளேயே வந்துவிட, கார்டு ஐயா சிவப்புக் கொடியால் அவரைத் தள்ளி நிறுத்தினார். கூட்டம் எப்போது கோட்டருகே வந்தது என்று கூட்டத்துக்கே தெரியாது.

நாலாவது கோல். அவர்கள் கோல்கீப்பர் உருட்டிவிட்ட பந்து, ஆறு பேர் காலில் ஒவ்வொரு தரம் பட்டு வந்தது. நான் எண்ணினேன். எங்கள் பேக் இரண்டு பேரும் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே சுழன்றார்கள். கடைசியில் பந்து உயர எழும்பி வந்தது. நெட்டையன் அதைத் தரையில் விழ விடவில்லை. உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்துக் காலை வீசினான். மூங்கிலும் கயிறும் சேர்கிற மூலை. நான் பாய்ந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு தூரம் பாய்ந்ததில்லை. விரல் நுனிக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு சாண் வெளிச்சம் இருந்தது, அது மட்டும் தெரிந்தது. குப்புற விழுந்து கிடந்தபடி, பந்து உள்ளே கிடந்ததைப் பார்த்தேன். தோற்றுவிட்டோம் என்று தோன்றவே இல்லை. கோயில் கதவு திறந்ததும் உள்ளே ஒரு கணம் தெரியுமே, அதைப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

ஒரு கை என்னைத் தூக்கிவிட்டது. நெட்டையன்தான். அவன் பனியனில் வெள்ளை என்று சொல்ல ஒரு இடமும் மிச்சமில்லை. எட்டுப் பேர் பனியனும் அப்படித்தான். கடைசி விசில் ஊதினபோது தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு எது எந்த அணி என்று தெரிந்திருக்காது.

பரிசு கொடுக்க வந்த ஊர்ப் பெரிய மனிதர் எப்போதோ போய்விட்டிருந்தார். கார்டு ஐயாவே கோப்பையைக் கொடுத்தார்.

வார்டன் சொன்னதைச் செய்தார். எட்டுப் பேரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார். வீட்டில் அம்மா எனக்குத் தனித் தட்டு வைத்தாள், சொல்லாமல் கொள்ளாமல். நைனா என்னைத் திட்டவுமில்லை, என்னோடு பேசவுமில்லை. கடலைக் கொல்லையிலேயே இருந்தார்.

அதற்கப்புறம் எல்லையும் முடிவானது. நாங்கள் தமிழ்க்காரர்கள், எங்கள் ஊர் ஆந்திரத்தில் நின்றது. தெலுங்கு பேசும் கேப்டனின் குடும்பம் திருத்தணிப் பக்கம் உறவுக்காரர்களிடம் பிழைக்கப் போயிருந்தது, அது மதராஸோடு சேர்ந்தது. அவனை நான் மறுபடி பார்த்தது அவன் கல்யாணத்தில்தான். நெட்டையன் பின்னாளில் ஒரு மில்லில் ஃபிட்டராக வேலை பார்த்தான், வருஷத்துக்கு ஒரு தபால் கார்டு போடுவான். போன வருஷம்வரை போட்டான்.

நான் சொல்லி முடிக்க வேண்டியது ஒன்று பாக்கி. பந்தயம் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். என் கன்னத்தில் வெளுப்பாக ஒரு படை தெரிந்தது. அம்மா பார்த்துவிட்டுப் பின்கட்டில் போய் அழுதாள். நைனா அன்று காலையே என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில் நான் ஒதுங்கிக் கடைசி சீட்டுக்குப் போனேன். "அங்க எதுக்குப் போற? எங்கிட்ட குந்து," என்றார். வழி முழுக்க என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அது அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் என்று இறங்கினபோதுதான் எனக்குத் தெரிந்தது.

டாக்டர் வயதானவர். என்னைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் கன்னத்தைத் தொட்டார். பிறகு ஊசி முனையால் குத்தினார்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"இங்க?"

"அங்கயும்."

"உணர்ச்சி இருக்கு, அந்த வியாதி இல்ல. வெறும் தேமல். பசங்களுக்கு வர்றதுதான்," என்று சொல்லிக் கையைக் கழுவினார். நைனா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சார், இவன் இந்தப் பசங்களோட பந்து ஆடிட்டான்," என்றார், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி. "நல்லா ஆடட்டும்," என்றார் டாக்டர். "அப்படியெல்லாம் ஒட்டிக்கிற வியாதி இல்ல இது. இருபத்தஞ்சு வருஷமா நான் தொட்டுக்கினுதான் இருக்கேன்."

வெளியே வந்தால் வாசல் வேப்பமரத்தடியில் நெட்டையன் நின்றுகொண்டிருந்தான். யாரோ சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் அந்தப் பழைய பந்து.

"குத்துனாங்களா? வலிச்சுதா?" என்றான்.

"வலிச்சுது."

"எங்களுக்கு மாசாமாசம் குத்துவாங்க. வலிச்சா அன்னிக்கு முழுக்க ஆடுவோம்." சொல்லிவிட்டு முழங்கையைத் திருப்பிக் காட்டினான். காசளவுக்கு ஒரு இடம். "இந்த மாசம் இங்க குத்துனது தெரியல. மாத்திரை குடுத்துகீறாங்க. சீக்கிரமே கண்டுபிடிச்சிட்டோம், சரியாயிடும்னாரு டாக்டரு."

சரியாகவும் ஆனது. ஆனால் அந்த நிமிஷத்தில் எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியாது. அவன் பந்தைக் காலால் உருட்டினான். "அடுத்த பஸ்ஸு ரெண்டு மணிக்குத்தான். கோல்ல நிக்கிறியா?"

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் நெட்டையனையே பார்த்துக்கொண்டிருந்தார், வெகு நேரம். பிறகு குனிந்து, தன் டயர் செருப்பு இரண்டையும் கழற்றினார். ஒன்றை மரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அங்கிருந்து நீள நீளமாக ஆறு அடி எடுத்து வைத்து, இன்னொன்றைப் போட்டார். உச்சி வெயில், சுடுமண். வெறுங்காலோடு நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் அகலமா வெக்கணுமா?" என்று கேட்டார்.

என்னை இல்லை. அவனை.